ஏர் பாக்கெட்டும் 1963 மியாமி விமானமும்

போன மாசம் சிங்கப்பூர்லேர்ந்து சென்னை வரும்போது வங்கக்கடல் மேல விமானம் செம ஆட்டம். பக்கத்து சீட்டுப் பெரியவர், "ஏர் பாக்கெட் தம்பி, ஆயிரம் அடியாவது விழுந்திருப்போம்"னார்.

காற்றே இல்லாத குழின்னு வானத்துல ஒண்ணும் கிடையாது. மேலே போற காற்று, கீழே வர்ற காற்று, அவ்வளவுதான். 2024 மே மாதம் மியான்மர் மேல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 321 குலுங்கி ஒருவர் இறந்தாரே, அது 6,000 அடி விழுந்ததுன்னு செய்தி வந்தது. விசாரணையில் தெரிந்தது வேற: ஆளைத் தூக்கி அடித்த அந்த நாலரை நொடியில் விமானம் இறங்கியது 178 அடிதான். 6,000 அடி, அப்புறம் விமானிகளே இறக்கியது.

உயரம் கொஞ்சம் மாறினா விட்டுடுங்கன்னு விமானிகளுக்கு இன்று சொல்லித் தர்றாங்க. அந்தப் பாடத்துக்குக் கொடுத்த விலை பெரிசு.

1963 பிப்ரவரி 12. நார்த்வெஸ்ட் 705, போயிங் 720B, 43 பேரோடு மியாமியில் கிளம்புது. சுற்றிலும் இடிமேகம். 17,500 அடியைத் தாண்டும்போது ஒரு மேல்காற்று அப்படியே அள்ளிக்கிட்டுப் போகுது, நிமிஷத்துக்கு 9,000 அடி வேகத்துல! நீங்களோ நானோ அங்கே இருந்தா என்ன செய்வோம்? மூக்கை அமுக்குவோம். அங்கேயும் மூக்கு கீழே போனது. அந்த நேரம் பார்த்து காற்று திசை மாறினால்? காற்றின் தள்ளலும் கைத் தள்ளலும் ஒரே பக்கம் சேர்ந்துடும். 19,000 அடிக்கு மேல் போன விமானம் தலைகுப்புறப் பாய்ந்து, நடுவானிலேயே உடைந்து எவர்கிளேட்ஸ் சதுப்பில் விழுந்தது. கிளம்பிக் கால் மணி நேரம்தான். யாரும் பிழைக்கலை.

கடும் காற்றும் பெரிய அளவு கட்டுப்பாட்டு அசைவும் சேர்ந்ததே காரணம்னு விசாரணை சொன்னது. விமானிகளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை. பயணிகள் ஜெட் அப்போ புதுசு. அதே ஜூலையில் நெப்ராஸ்கா மேல் இன்னொரு 720, இருபதாயிரம் அடிக்கு மேல் விழுந்து மீண்டது.

அதுக்கப்புறம்தான் பயிற்சி மாறியது. கடும் குலுக்கலில் உயரமானியைத் துரத்தாதே. ஆட்டோபைலட்டின் உயரம் பிடிக்கும் வசதியை அணை. டிரிம்மைத் தொடாதே. இறக்கையும் மூக்கும் மட்டமா இருக்கான்னு மட்டும் பார். நூறு இருநூறு அடி ஏறி இறங்கினா இறங்கட்டும். மேலே கீழே பறக்கிற விமானங்களுக்கு நடுவே ஆயிரம் அடி இடைவெளி எதுக்கு இருக்கு!

பெரியவர்கிட்ட, "இருபது அடி இறங்கியிருந்தாலே அதிகம் சார்"னேன். நம்பலை. ஆனா பெல்ட்டை மட்டும் நல்லா இழுத்து இறுக்கிக்கிட்டார் :-)