சோழமண்டலம் கலைஞர்கள் கிராமம்

சோழமண்டலம் கலைஞர்கள் கிராமம் (தொடக்கம்: 1966) சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்துள்ள ஓவியர்கள், சிற்பிகளின் குடியிருப்பு. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் முன்முயற்சியில், அவருடைய மாணவர்களும் நண்பர்களும் சேர்ந்து உருவாக்கியது. கலைஞர்கள் தங்கள் கைவினைப் பொருட்களை விற்ற பணத்தில் நிலம் வாங்கி, வீடு கட்டி, குடும்பத்தோடு வாழ்ந்து படைப்பில் ஈடுபட்ட இடம் என்ற வகையில் இந்தியக் கலை வரலாற்றில் தனித்துக் குறிப்பிடப்படுகிறது.

பெயர்

சோழர் ஆண்ட நாட்டுக்குச் சோழமண்டலம் என்று பெயர். ஐரோப்பிய வணிகர்களின் நாவில் அதுவே கோரமண்டல் ஆகி, வங்கக் கடலை ஒட்டிய இந்தக் கரை முழுவதற்கும் கோரமண்டல் கரை என்ற பெயர் நிலைத்தது. கடலோர மணல் நிலத்தில் அமைந்த குடியிருப்புக்கு அந்தப் பழைய பெயரே சூட்டப்பட்டது.

பின்னணி

சென்னை ஓவியப் பள்ளியை 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற ஆங்கிலேய மருத்துவர் தொடங்கினார். மரவேலை, உலோகவேலை, மண்பாண்டம், துணி அச்சு போன்ற தொழில்களில் தேர்ந்த கைவினைஞர்களை உருவாக்குவதே நீண்ட காலம் அதன் நோக்கமாக இருந்தது. 1929-ல் தேவிபிரசாத் ராய் சௌதரி அதன் முதல் இந்திய முதல்வராகப் பொறுப்பேற்றபின் ஓவியமும் சிற்பமும் முதன்மை பெற்றன. சென்னை மெரினா கடற்கரையில் உள்ள உழைப்பாளர் சிலை அவர் செய்தது.

பணிக்கர் 1911-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர். தந்தித் துறையில் சில ஆண்டுகள் வேலை பார்த்தபின் 1936-ல் இந்தப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். படிப்பை முடித்து அங்கேயே ஆசிரியரானார். 1944-ல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவினார். 1957-ல் ராய் சௌதரிக்குப் பின் பள்ளியின் முதல்வரானார். ஓவியம் கற்கத் தொடங்குமுன் சம்பள வேலையில் சில ஆண்டுகளைக் கழித்தவர் என்பதால், பிழைப்புக்கும் படைப்புக்கும் இடையிலான இழுபறி அவருக்குப் புதிதல்ல.

அக்காலத்தில் சென்னையில் ஓவியம் வாங்குவோர் மிகக் குறைவு. பம்பாயிலும் தில்லியிலும் இருந்த அளவுக்குக் கலைக்கூடங்களோ சேகரிப்பாளர்களோ இங்கு இல்லை. பள்ளியில் ஐந்தாறு ஆண்டுகள் பயின்று வெளிவரும் இளைஞர் விளம்பர நிறுவனத்திலோ, துணி ஆலையின் வடிவமைப்புப் பிரிவிலோ, பள்ளிக்கூட ஓவிய ஆசிரியராகவோ சேர்ந்தார். சில ஆண்டுகளில் தூரிகை மூலைக்குப் போய்விடும்.

ஆசிரியப் பணியில் இருந்துகொண்டே சிறந்த படைப்பாளிகளாகத் திகழ்ந்தவர்களும் உண்டு. திருவண்ணாமலையில் 1932-ல் பிறந்த ஏ.பி. சந்தானராஜ் அவர்களுள் ஒருவர். சென்னைப் பள்ளியில் பயின்று, அங்கேயே கற்பித்து, அதன் முதல்வராகவும் உயர்ந்தார். கோட்டின் வலிமைக்காக இன்றும் பேசப்படுபவர். ஆனால் ஒரு பள்ளியில் எத்தனை ஆசிரியர் பணியிடங்கள் இருக்க முடியும்? எஞ்சியவர்கள் என்ன செய்வது என்ற கேள்விக்கான விடையாகவே சோழமண்டலம் உருவானது.

பாத்திக்கும் நிலமும்

பணிக்கர் கண்ட வழி எளிமையானது. ஓவியம் விற்காவிட்டாலும் அழகான கைவினைப் பொருள் விற்கும். பகலின் ஒரு பகுதியைக் கைவினைக்குக் கொடுத்தால் வீட்டுச் செலவு நடக்கும். மீதிப் பொழுதில் யாருடைய விருப்பத்துக்கும் வளையாமல் ஓவியம் வரையலாம். இதற்காகக் கலைஞர்கள் கைவினைச் சங்கம் ஒன்று அமைக்கப்பட்டது.

முதலில் கைகொடுத்தது பாத்திக். உருக்கிய மெழுகால் துணியில் கோலம் வரைந்து சாயத்தில் தோய்ப்பது இம்முறை. மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது. ஒரு நிறம் ஏறியதும் மறுபடி மெழுகிட்டு அடுத்த சாயத்தில் தோய்ப்பார்கள். மெழுகு வெடித்த இடங்களில் சாயம் புகுந்து மெல்லிய நரம்புகளைப் போன்ற கோடுகள் விழும். கடைசியில் வெந்நீரில் இட்டு மெழுகை நீக்கினால் சித்திரம் தெளியும். இதற்குப் பெரிய இயந்திரமோ முதலீடோ தேவையில்லை. அடுப்பும் மெழுகும் சாயத்தொட்டியும் கோடு பழகிய கையும் இருந்தால் போதும். கோடு பழகிய கை ஓவிய மாணவரிடம் ஏற்கெனவே இருந்தது. அதனால் இவர்களின் பாத்திக் கடைச்சரக்கிலிருந்து வேறுபட்டுத் தெரிந்தது. கண்காட்சியில் வைத்தவை நன்றாக விற்றன.

அந்த வருவாயைக் கொண்டு ஈஞ்சம்பாக்கத்தில் ஏறத்தாழ 10 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. அது நகரத்துக்கு வெளியே இருந்த வெறும் மணல்வெளி. யாருக்கும் வேண்டாத நிலம் என்பதாலேயே ஓவியர்களின் பணத்துக்கு எட்டியது. 1966-ல் குடியேற்றம் தொடங்கியது. தொடக்கத்தில் இருந்தவை ஓலை வேய்ந்த குடிசைகள். மின்சாரம் கிடையாது. 1967-ல் அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பணிக்கர் இந்தக் கிராமத்தையே தன் முழுநேரப் பணியாக்கிக்கொண்டார்.

வாழ்க்கை முறை

சோழமண்டலத்தின் அமைப்பில் கவனிக்க வேண்டிய கூறு ஒன்று உண்டு. வீட்டுமனை தனித்தனி உறுப்பினருக்கு உரியது. பட்டறை, காட்சிக்கூடம், அரங்கம் ஆகியவை பொதுவானவை. ஒரே சமையற்கூடம், ஒரே பணப்பெட்டி என்று வாழும் ஆசிரமமாக இதை யாரும் கருதவில்லை. திருமணம் செய்து, பிள்ளைகளை வளர்த்து, தன் வீட்டு வாசலில் செடி நட்டு, அடுத்த வீட்டுக்காரரும் ஓவியராக இருக்கும் ஒரு தெருவில் வாழ்வது என்பதே ஏற்பாடு. கைவினை விற்பனையில் ஒரு பங்கு பொதுச் செலவுக்குச் சென்றது.

பாத்திக்குடன் தோல்வேலை, மட்பாண்டம், மரச்செதுக்கு, உலோகத் தகட்டு வேலை என்று கைவினைகள் பெருகின. செம்பு, பித்தளைத் தகடுகளைக் கையாளக் கற்றவர்கள் அந்தத் திறனையே சிற்பத்துக்கும் கொண்டுசென்றனர். பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபாலின் உலோகச் சிற்பங்கள் இதற்குச் சான்று. முன்புறமிருந்து பார்க்கும்படி, கோயில் வாகனங்களையும் திருவாசியையும் நினைவூட்டும் வகையில், தகடுகளையும் கம்பிகளையும் பற்றவைத்து அவர் அமைத்த உருவங்கள் பட்டறைக் கைவினையிலிருந்து கிளைத்தவை. எஸ்.ஜி. வாசுதேவும் அவர் மனைவி அர்னவாஸும் ஓவியத்துடன் செம்புத் தகட்டுப் புடைப்புகளையும் செய்தனர். பிழைப்புக்காகக் கற்ற தொழில் படைப்புக்குப் புதிய மொழியைத் தந்தது. பணிக்கர் முதலில் எதிர்பார்த்ததைவிட இது பெரிய பலன்.

மணல்வெளி மெல்ல மரநிழல் கொண்ட தோப்பானது. மரங்களின் நடுவே கருங்கல், உலோகச் சிற்பங்கள் வைக்கப்பட்டுச் சிற்பத் தோட்டம் உருவானது. நாடகம், இசை, கவிதை வாசிப்புக்காக அமைந்த திறந்தவெளி அரங்கத்துக்குப் பாரதியின் பெயர் இடப்பட்டது.

கலைஞர்கள்

ஜே. சுல்தான் அலி, வி. விஸ்வநாதன், கே. ராமானுஜம், எம். சேனாதிபதி, பி.எஸ். நந்தன், பி. கோபிநாத், கே. ஜெயபால பணிக்கர், கே.வி. ஹரிதாசன், சி. டக்ளஸ் ஆகியோர் சோழமண்டலத்துடன் தொடர்புடைய முக்கியமான கலைஞர்கள்.

சுல்தான் அலி ரிஷிவேலிப் பள்ளியில் ஓவிய ஆசிரியராகவும் பின்னர் தில்லி லலித் கலா அகாதமியிலும் பணியாற்றியவர். அதன்பின் சோழமண்டலத்தில் குடியேறினார். பஸ்தர் பழங்குடிகளின் கலையிலிருந்து ஊக்கம் பெற்ற அவருடைய ஓவியங்களில் காளை திரும்பத் திரும்ப வருகிறது. கொம்பும் திமிலும் புடைத்த அந்தக் காளைகளைச் சுற்றி எழுத்துகள் ஓடும். விலங்கும் தெய்வமும் மனிதனும் ஒரே உலகில் புழங்கும் நாட்டார் நம்பிக்கையை அவை காட்டுகின்றன.

ராமானுஜத்தின் கதை வேறு. பேச்சில் தடையும் மனநலச் சிக்கலும் கொண்டிருந்த அவரைப் பிற இடங்கள் ஏற்றிருக்குமா என்பது ஐயம். பணிக்கர் அவருடைய திறனை அறிந்து பள்ளியில் இடம் கொடுத்தார், பின் கிராமத்திலும் இடம் கொடுத்தார். அரண்மனைகள், விசித்திர விலங்குகள், பறக்கும் உருவங்கள், நடுவே தொப்பியணிந்த ஒரு மனிதன் என்று மைக்கோட்டால் ஒரு கனவுலகை அவர் வரைந்தார். 1973-ல், முப்பது வயதைச் சற்றே கடந்த நிலையில் மறைந்தார். ஒரு சமூகத்தின் அரவணைப்பு எவ்வளவு தரமுடியும், எதைத் தரமுடியாது என்ற இரண்டையும் அவர் வாழ்வு காட்டுகிறது.

அனைவரும் அங்கேயே தங்கிவிடவில்லை. விஸ்வநாதன் பாரிசுக்குச் சென்றார். வாசுதேவ் பெங்களூரில் குடியேறினார்.

பிற நாட்டு முன்னோடிகள்

கலைஞர்கள் நகரத்தை விட்டு நிலத்தை நாடுவது புதிய செய்தியல்ல. பிரான்சில் ஃபோன்டென்புளோ காட்டின் ஓரத்தில் உள்ள பார்பிசோன் சிற்றூருக்கு 1849-ல் ழான் பிரான்சுவா மிய்யே குடும்பத்துடன் சென்றார். ஒன்பது பிள்ளைகளின் தந்தையான அவர் காலையில் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தார், பிறகு தூரிகை பிடித்தார். அதே காட்டின் மறுபக்கத்தில் உள்ள பீ என்ற ஊரில் ரோசா போனர் தன் ஓவியங்களை விற்ற பணத்தில் 1859-ல் மாளிகையும் நிலமும் வாங்கி, ஆடு, குதிரை, மான், சிங்கம் வரை வளர்த்து, அவற்றையே வரைந்தார். 1899-ல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். மாறாக, 1888-ல் ஆர்ல் நகரில் ஓவியர்கள் கூடி வாழும் இல்லம் அமைக்க வின்சென்ட் வான்கா கண்ட கனவு, காகின் வந்து ஒன்பது வாரங்களில் கலைந்தது.

வான்காவுக்கு ஆர்வம் இருந்தது, வருவாய் இல்லை. தம்பி அனுப்பும் பணத்தில்தான் வீடு நடந்தது. போனருக்கு வருவாய் இருந்தது. ஆனால் அது ஒருவரின் வெற்றி. பணிக்கர் செய்தது மூன்றாவது வழி. புகழ்பெறாத ஓவியரும் கைத்தொழிலால் நிற்கக்கூடிய ஏற்பாடு அது.

பணிக்கருக்குப் பின்

பணிக்கர் 1977 ஜனவரியில் மறைந்தார். நிறுவனர் மறைந்ததும் கலைந்துபோகும் அமைப்புகள் பல. சோழமண்டலம் கலையவில்லை. வீடு அவரவருடையது என்பதும் வருவாய் ஒருவரை நம்பியதல்ல என்பதும் இதற்குக் காரணங்கள். நந்தகோபால் 2017-ல் மறையும்வரை கிராமத்தின் நிர்வாகத்தில் முன்னின்றார். 2009-ல் இங்கு தொடங்கப்பட்ட சமகாலக் கலை மையத்தில் சென்னை இயக்கத்தின் ஓவியங்களும் சிற்பங்களும் அருங்காட்சியகமாக வைக்கப்பட்டுள்ளன.

காலப்போக்கில் ஓவியங்களுக்கு விலை கிடைக்கத் தொடங்கியதும் கைவினை பின்னுக்குச் சென்றது. கிழக்குக் கடற்கரைச் சாலை விரிவடைந்து, மணல்வெளியாக இருந்த ஈஞ்சம்பாக்கம் நகரத்தின் விலை உயர்ந்த பகுதியானது. ஓவியப் பள்ளியிலிருந்து வெளிவரும் இளைஞர் இன்று அங்கே ஒரு மனை வாங்க முடியாது. வீடு பிள்ளைகளுக்கு உரியதாகும், ஆனால் கலை அவ்வாறு உரியதாவதில்லை. தனி வீடு என்ற ஏற்பாடே கிராமத்தைக் காத்தது. அடுத்த தலைமுறைக் கலைஞர்களுக்கு வாசலைக் குறுக்குவதும் அதுவே.

வரலாற்று இடம்

சென்னை இயக்கம் என்று அழைக்கப்படும் நவீன ஓவிய மரபின் முக்கியமான களங்களுள் சோழமண்டலம் ஒன்று. கோடு, எழுத்து, குறியீடு, நாட்டார் வடிவம் ஆகியவற்றிலிருந்து ஒரு தென்னிந்திய நவீனத்துவத்தை உருவாக்கியவர்களில் பலர் இங்கு வாழ்ந்தனர். ஆனால் அதன் முதன்மையான பங்களிப்பு பாணி சார்ந்தது அல்ல. கலைஞன் வறுமையில் வாடவேண்டும் அல்லது கலையைக் கைவிட வேண்டும் என்ற நிலையை மாற்ற, நாற்பதுக்கும் குறைவான மனிதர்கள் மெழுகையும் சாயத்தையும் நம்பி மணலில் இறங்கினர். கலைஞனுக்குத் தேவையானவை என்று அவர்கள் கேட்டவை மிகச் சில: தன் உழைப்பில் வாங்கிய துண்டு நிலம், குடும்பத்துக்கு ஒரு கூரை, நாளில் பாதிப் பொழுது. அவற்றை அவர்களே தேடிக்கொண்டனர்.