தூத்துக்குடி நகராட்சி

மன்னார் வளைகுடாக் கரையிலுள்ள தூத்துக்குடியின் நகர நிர்வாக அமைப்பு. 1866இல் நகராட்சியாகத் தொடங்கியது. 2008 ஆகஸ்ட் 5 முதல் மாநகராட்சி.

முத்துக்கும் சங்குக்கும் பேர்போன இந்தப் பரதவர் ஊர், 1658இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர் கைக்கு மாறி, பலமுறை கைமாறியபின் 1825இல் ஆங்கிலேயர் வசம் நிலைத்தது. ஆண்டவர்கள் எவரானாலும் அவர்கள் கண் முத்துக்குளிக்கும் சலாபத்தின் மேலேயே இருந்தது. ஊருக்குள் தெருவையும் விளக்கையும் கவனிக்க ஓர் அமைப்பு, 1865ஆம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் வாய்த்தது. 1876இல் ரயில் வந்தது. பருத்தி மூட்டைகள் தோணிகளில் ஏறி, ஆழ்கடலில் நின்ற கப்பல்களுக்குப் போயின. ஹார்வி குடும்பத்தாரின் கோரல் மில்லுக்கு ஆட்கள் திரண்டனர். அந்த மில்லில்தான் 1908இல் வ.உ.சி. முன்னின்ற வேலைநிறுத்தம் நடந்தது.

ஊர் பெருத்த அளவுக்குத் தண்ணீர் இல்லை. உப்பளங்களுக்கு நடுவே தோண்டிய கிணற்றில் கரிப்பு நீரே ஊறியது. இந்தக் குறையைத் தீர்த்தவர் ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து (1869–1930). 1909இல் நகராட்சிச் சேர்மனாகி, ஐந்து முறை அப்பதவியில் இருந்தவர். முதலில் கடம்பூரிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவரச் செய்தார். அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. திருநெல்வேலிச் சாலையில் வல்லநாட்டருகே ஓடும் தாமிரபரணியிலிருந்து குழாய் போட்டால்தான் தீரும் என்று விடாமல் நின்றார். 1927இல் ஆற்று நீர் குழாய்வழி ஊருக்கு வந்து சேர்ந்தது. அவரைத் ‘தூத்துக்குடியின் தந்தை’ என்று இன்றும் ஊர் சொல்கிறது. 2023இல் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. இந்த நகராட்சி செய்த வேலைகளில் அந்தக் குழாய் நீருக்கு ஈடாக இன்னொன்றைச் சொல்ல முடியாது.

இப்படிப்பட்ட வரலாற்றை மக்களுக்கு நேரில் காட்டவும் வழி உண்டு. மும்பை மாநகராட்சி, 1893இல் கட்டி முடித்த தன் தலைமையகத்தை 2021 முதல் வழிகாட்டிகளோடு மக்களுக்குச் சுற்றிக் காட்டுகிறது. கோத்திக் பாணிக் கோபுரமும் மன்றக்கூடமும் அங்கே பார்க்கத் தகுந்தவை. தூத்துக்குடியில் அப்படியோர் உலா ஏற்படுமானால், வழிகாட்டி அலுவலக வாசலில் நின்றுவிடக் கூடாது. வல்லநாட்டு ஆற்றங்கரையில் தொடங்கி, குழாய் வந்த தடத்தைப் பிடித்து நகருக்குள் வந்து, மணிமண்டபத்தையும் காட்ட வேண்டும். சேர்மன்கள் செய்ததை அப்போதுதான் பள்ளிப் பிள்ளைகள் கண்ணால் காண்பார்கள்.