பாலூட்டும் தாய்மாருக்கான சட்டப் பாதுகாப்பு (இந்தியா)

வேலையிடத்திலும் பொது இடத்திலும் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கத் தாய்க்கு நேரமும் இடமும் உறுதிசெய்யும் சட்டவிதிகள். இவற்றின் வேர் பஞ்சாலைகளில் இருக்கிறது.

1919இல் வாஷிங்டனில் கூடிய முதல் பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு, வேலை நேரத்துக்குள் நாளுக்கு இருமுறை, அரை மணி வீதம், பாலூட்ட விட வேண்டும் என்று வகுத்தது. அங்கே இந்தியத் தொழிலாளர் பிரதிநிதியாக இருந்தவர் என். எம். ஜோஷி. 1924இல் மத்தியச் சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்த பேறுகால நல மசோதா தோற்றுப்போனது. அக்காலத்தில் பம்பாய் ஆலைப் பெண்கள், பிள்ளை அழாமல் உறங்குவதற்காக அபின் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார்கள். 1929இல் அமைந்த அரச தொழிலாளர் ஆணையத்தின் அறிக்கையிலும் இவ்வழக்கம் இடம்பெற்றது. தாய்மாரைப் பழிப்பதற்கில்லை, பிள்ளையைக் கிடத்த ஆலையில் இடமில்லை.

1929இல் பம்பாயும் 1934இல் சென்னை மாகாணமும் இயற்றிய பேறுகாலச் சட்டங்கள் விடுப்பும் பணமும் தந்தன. பிள்ளைக்கு இடம் தந்தது தொழிற்சாலைச் சட்டமே. 50 பெண்களுக்கு மேல் உள்ள ஆலைகளில் குழந்தைக் காப்பகம் வைக்கச் சொல்லும் அதிகாரத்தை 1934ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் மாகாண அரசுகளுக்கு அளித்தது. 1948இல் அது கட்டாயமாயிற்று. 1976இல் வரம்பு 30 ஆகக் குறைந்தது.

பால் கொடுக்கும் இடைவேளையை நாடு முழுமைக்கும் சட்டமாக்கியது 1961ஆம் ஆண்டுப் பேறுகால நலச் சட்டத்தின் 11ஆம் பிரிவு. குழந்தைக்கு 15 மாதம் நிறையும்வரை, வழக்கமான ஓய்வுநேரம் போக, நாளுக்கு இரண்டு இடைவேளை உண்டு. சுரங்கங்களுக்கு 1963இல் வந்த விதிகள் ஒவ்வொன்றுக்கும் 15 நிமிடம் என்றன. வாஷிங்டனின் அரை மணி இங்கே கால் மணியாகச் சுருங்கியது. குழந்தை வேறிடத்தில் இருந்தால் போய்வரும் நேரம் தனி. இந்த விதிகளில் தாயின் பாடறிந்து எழுதப்பட்ட பகுதி இதுதான். 2017ஆம் ஆண்டுத் திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்களில் காப்பகத்தையும், தாய் அங்கே நாளுக்கு நான்குமுறை சென்றுவரும் உரிமையையும் சேர்த்தது.

பொது இடத்தில் பால் கொடுப்பதைத் தடுக்கும் தனிச் சட்டம் இல்லை. தேவைப்படுவது மறைவான அறையே. தமிழ்நாடு 2015இல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. பாலூட்டல் தாயின் பிரிக்கமுடியாத உரிமை என்று 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம் கூறியது. பொதுக் கட்டடங்களில் இதற்கான அறைகள் வேண்டும் என்பதை 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது.

இடைவேளையும் காப்பகமும் இப்போது 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் அடங்கும். வீட்டுவேலை செய்யும் பெண்களுக்கு இவை எட்டுவதில்லை.