கேட்டலும் மறுமொழி கூறலும்: இரணைமடுப் பகுதியின் அனுபவம்

அரசியற் பேச்சைக் கேட்பது வேறு. அதற்கு மறுமொழி கூறுவது வேறு. வன்னி நிலத்தில் இவ்விரண்டும் மாறிவந்த வகை ஈண்டு நோக்கற்பாலது.

1960இல் கென்னடியும் நிக்ஸனும் நிகழ்த்திய விவாதத்தை அமெரிக்க மக்கள் தொலைக்காட்சியிற் கண்டனர். இலங்கையிலோ தொலைக்காட்சி 1979இலேயே தொடங்கியது; 1982இல் ரூபவாஹினி தோன்றியது. எனினும், 1990களின் போர்க்காலத்தில் மின்சாரம் அற்று, பற்றரிக்கும் தடை நிலவிய வன்னிக்கு வானொலியே துணையாயிற்று. இரணைமடுக் குளத்து நீரை நம்பி வாழ்ந்த குடிகள் உட்பட வன்னி மக்கள், துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து, மிதியைச் சுழற்றி, டைனமோவின் மின்னால் பி.பி.சி. தமிழோசையைக் கேட்டனர். ஒருவர் சுழற்றப் பலர் கேட்டனர். கேட்டவை முற்றத்திலேயே ஆராயப்பட்டன. ஆயின், அம்மறுமொழி வேலியைத் தாண்டவில்லை.

2009இன் பின்னர் மீள்குடியேற்றத்தோடு மின்சாரமும் கையடக்கத் தொலைபேசியும் பரவின. 2019இல் சனாதிபதி வேட்பாளர்கள் பலர் ஒரே மேடையில் விவாதித்தபோது, பார்த்துக்கொண்டே முகநூலிற் கருத்தெழுதும் வாய்ப்பு கிராமங்களுக்கும் கிட்டியிருந்தது. முற்றத்து மறுமொழி கடல் கடக்கலாயிற்று.

இவ்வளர்ச்சிக்கு விலையும் உண்டு. முற்றத்தில் கேட்டு முடித்த பின்னரே பேசினர். திரையின் முன்னரோ கேட்டு முடிக்கு முன்பே தீர்ப்பு எழுதப்படுகின்றது. மேலும், சுழற்றிய கை ஓய்ந்தாலன்றி அன்றைய வானொலி ஓயவில்லை. 2022 ஏப்ரல் 3ஆம் நாளிலோ, அரசு ஓர் ஆணையால் நாடெங்கும் சமூக ஊடகங்களை முடக்கியது.

மறுமொழியின் எல்லை விரிந்தது. அதன் விசையோ மக்கள் கையைவிட்டு அகன்றது. பொறுமையாகக் கேட்கும் முற்றத்துப் பண்பைப் பேணுவதும், மறுமொழி கூறும் உரிமையைக் காப்பதும் ஒருங்கே வேண்டற்பாலன.