கண்ணுக்குத் தெரியாத இயலாமை: ஒரு சான்றிதழின் வரலாறு

2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியால் கட்டிப்போடப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் சிக்கி மாண்டார்கள். மனநோயும் ஓர் இயலாமையே என்று சொன்ன சட்டம் அப்போது அமலுக்கு வந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. புத்தகத்தில் உரிமை, காலில் சங்கிலி! இந்த இடைவெளியை வேலை உரிமையின் பக்கம் நின்று பார்ப்போம்.

1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகை இயலாமைகளைப் பட்டியலிட்டது. மனநோய் அதில் ஒன்று. ஆனால் அரசுப் பணியின் 3 சதவீத இடஒதுக்கீடு பார்வை, செவித்திறன், உடல் இயக்கம் ஆகிய குறைபாடுகளுக்கு மட்டுமே. பட்டியலில் பெயர் உண்டு, பந்தியில் இலை இல்லை. இது நமக்குப் புதிதா என்ன?

அச்சட்டத்தின் 47ஆவது பிரிவு, பணிக்காலத்தில் இயலாமைக்கு ஆளானவரை வேலையிலிருந்து நீக்கக்கூடாது என்றது. கூடவே, விலக்களிக்கும் அதிகாரத்தையும் அரசுக்குத் தந்தது.

கை இல்லை, கண் இல்லை என்றால் பார்த்ததும் தெரியும். மனச்சோர்வை எதைக்கொண்டு அளப்பது? தன்னைப் பராமரித்தல், பிறரோடு பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை என நான்கு தளங்களில் மதிப்பெண் போட்டு, நோயின் காலத்தையும் கணக்கில் சேர்க்கும் ஓர் அளவுகோல் வந்தது. 40 சதவீதத்தைத் தொட்டால்தான் சலுகைகள். 2016ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலை 21 ஆக விரித்தது. 4 சதவீத ஒதுக்கீட்டில் மனநோய்க்கும் பங்கு தந்தது.

ஆனாலும் பெரிய கேள்வி மிச்சமிருந்தது. நோயால் நேர்ந்த நடத்தையை நிர்வாகம் ‘ஒழுங்கீனம்’ என்று எழுதினால்?

மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவர் மனச்சோர்வுக்கும் எண்ணச் சுழற்சி நோய்க்கும் 2009 முதல் சிகிச்சை பெற்றுவந்தார். 2010இல் அவர்மீது துறை விசாரணை தொடங்கியது. 40 முதல் 70 சதவீத இயலாமை என்ற மருத்துவச் சான்று வந்ததோ 2016இல். குவாஹாட்டி உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி அவர் பக்கம் நின்றார். இரு நீதிபதி அமர்வு அதைப் புரட்டியது. 2021 டிசம்பர் 17 அன்று நீதிபதி சந்திரசூட் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு அந்த ஒழுங்கு நடவடிக்கையை ரத்து செய்தது. நடத்தைக்கு நோய் மட்டுமே காரணம் என்று நிரூபிக்க வேண்டியதில்லை, காரணங்களில் ஒன்றாக இருந்தாலே போதும் என்றது. தற்போதைய பணிக்கு அவர் பொருந்தாவிட்டால், ஊதியம் குறையாமல் வேறு பணி தர வேண்டும். துப்பாக்கி கையில் கிடைக்காத பணியாக அது இருக்கலாம் என்றும் வழி சொன்னது.

தோழர்களே, தீர்ப்பு வந்ததால் கதவு தானாகத் திறந்துவிடாது. பணிநீக்கத்தைத் தடுக்கும் 20ஆவது பிரிவு அரசு நிறுவனங்களுக்கானது. ஒப்பந்தத் துப்புரவுப் பணியில் இருக்கும் நம் மக்கள் அதன் நிழலுக்கு வெளியேதான் நிற்கிறார்கள். சாதிச் சான்றிதழுக்கே தாலுகா ஆபீஸ் படியேறித் தேய்ந்தவர்களை, இப்போது மருத்துவக் குழுவின் படியும் ஏறச் சொல்கிறோம். ஏற்கெனவே ஒரு முத்திரையைச் சுமப்பவர் இரண்டாவதற்கு அஞ்சுவதில் வியப்பில்லை.

அதனால்தான் சொல்கிறோம்: முதல் நாள் ஓ.பி. சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். அந்த வழக்கில் சான்றிதழுக்கு ஏழு ஆண்டுகள் முன்பே சிகிச்சை தொடங்கியதைக் காட்ட முடிந்தது. மறைத்து வைத்த நோய் வழக்கில் உதவாது. பதிவான நோய் உதவும். அவமானம் நோயுற்றவருக்கு இல்லை. அதை ஒழுங்கீனம் என்று எழுதும் கைக்குத்தான்.