கைக்கெட்டும் ரொக்கம்: வட்டி வீழ்ந்த காலத்தில் கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலைக் குடும்பங்களின் சேமிப்பு

பாரத ஸ்டேட் வங்கி 2025 ஜூன் 15 முதல் சேமிப்புக் கணக்குக்கு ஆண்டுக்கு 2.5 சதவீத வட்டிதான் தருகிறது. கொரோனா முடக்கத்தின்போது, 2020 மே இறுதியில், 2.7க்கு இறங்கியதே பெரும் வீழ்ச்சியாகப் பேசப்பட்டது. இன்றைய விகிதம் அதற்கும் கீழே. இத்தகைய காலத்தில் கையிருப்பை எங்கே வைப்பது என்று கேட்டால், கூடுதல் வட்டி தரும் இடத்தைத் தேடு என்பதே பொதுவான அறிவுரை. கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மானாவாரி ஊர்களுக்கும் கல்வராயன் மலைக்கும் அந்த அறிவுரை பொருந்தாது என்பது என் வாதம். அங்கே சேமித்த பணத்தின் பலனை, அது தவிர்த்த கடன்வட்டியைக் கொண்டே அளக்க வேண்டும்.

கணக்கு எளியது. பத்தாயிரம் ரூபாயை ஓராண்டு ஸ்டேட் வங்கியில் வைத்தால் 250 ரூபாய், அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் வைத்தால் 400 ரூபாய். வேறுபாடு 150. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26இல் ஒரு நாள் கூலி 336 ரூபாய். மலையின் உட்பகுதியிலிருந்து வெள்ளிமலைக்கோ, இறங்கிச் சங்கராபுரத்துக்கோ போய்வர அரைநாள் போனாலே ஓராண்டு வட்டி வேறுபாடு கரைந்துவிடும். அதே குடும்பம் மருத்துவச் செலவுக்குப் பத்தாயிரம் ரூபாயை ‘மூணு வட்டி’க்கு, அதாவது நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய்க்கு வாங்கி, நான்கு மாதத்தில் அடைத்தால் வட்டி மட்டும் 1,200 ரூபாய். கையில் தயாராக இருந்த பத்தாயிரம் இந்த 1,200ஐ மிச்சப்படுத்துகிறது. எந்த வைப்புத் திட்டமும் நான்கு மாதத்தில் இவ்வளவு தராது.

ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ விகிதம் 2020 மே முதல் 2022 மே வரை 4 சதவீதத்திலேயே நின்றது. வைப்பு வட்டி உடனே இறங்கியது. ஊர்க் கடன்காரரின் இரண்டு வட்டியும் மூன்று வட்டியும் அசையவில்லை. வாராவாரம் வீட்டுவாசலில் வசூலிக்கும் நுண்கடன் நிறுவனங்களும் ஆண்டுக்கு 20 சதவீதத்துக்கு மேல்தான் வாங்கின. அவற்றின் வட்டிக்கு இருந்த உச்சவரம்பையும் ரிசர்வ் வங்கி 2022இல் எடுத்துவிட்டது. வட்டிக்குறைப்பின் சுமை சேமிப்பவருக்கு முழுதாக வந்து சேர்கிறது, நன்மை கடன் வாங்கும் ஏழைக்கு வந்து சேர்வதில்லை. இந்த ஒருதலைப்போக்கைப் பொருளியல் எழுத்துகள் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் மனக்குறை.

மலைக்குத் தனி வரலாறும் உண்டு. கல்வராயன் மலை 1976இல் அரசின் கைக்கு வரும்வரை மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தது. அந்த வரலாற்றால் பட்டா இல்லாமல் நிற்கும் நிலத்தை வங்கி ஈடாக ஏற்காது. ஆகவே அவசரத்துக்கு மலையாளிப் பழங்குடிக் குடும்பத்திடம் எஞ்சுவது மூக்குத்தியும் தோடும், அல்லது விளையப்போகும் மரவள்ளியின் பேரில் வாங்கும் முன்பணம். முன்பணம் வாங்கியவர் விலை பேச முடியாது. வட்டி என்ற பெயரில்லாமலே வட்டி போய்விடுகிறது.

அடகில் நகை இருக்கையில் வைப்புத்தொகை போடுவது நட்டக்கணக்கு. வைப்புக்கு 5, 6 சதவீதம் வாங்கிக்கொண்டு நகைக்கு அதைவிடக் கூடுதலாகக் கட்டுகிறோம். முதல் சேமிப்பு நகையை மீட்பதுதான். ஆனால் கையிலுள்ளதை முழுக்கப் போட்டு மீட்டுவிட்டு மறுமாதமே அதை மீண்டும் அடகுக்கடைக்குக் கொண்டுபோகும் நிலையும் வேண்டாம். ஒரு மாதச் செலவுக்கானது ரொக்கமாக நிற்கட்டும்.

விலைவாசியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2020-21இல் சில்லறைப் பணவீக்கம் சராசரி 6.2 சதவீதம், 2.7 சதவீத வட்டி வாங்கியவரின் பணம் உண்மையில் தேய்ந்தது. 2025 அக்டோபரில் பணவீக்கம் 0.25 சதவீதம்தான். சேமிப்பவர் அன்றைவிட நல்ல நிலையில் இருப்பதாகப் புள்ளிவிவரம் சொல்லும். அந்தப் பணவீக்கத்தைக் கீழிறக்கியது பெரும்பாலும் உணவுப்பொருள்களின் விலைச்சரிவு. விளைவிப்பவருக்கு அது வருமானச் சரிவு.

வட்டி வீழும்போது மோசடிக்கு வழி திறக்கிறது. மாதம் 25, 30 சதவீதம் தருவதாகச் சொன்ன ஆருத்ரா நிறுவனத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் போட்ட 2,400 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பணம் சிக்கியது 2022இல் வெளிப்பட்டது. வங்கி வைப்புக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. அந்தக் காப்பீடு தொடக்கநிலைக் கூட்டுறவுச் சங்கங்களின் வைப்புக்குக் கிடையாது. சங்கத்தில் பணம் போடக் கூடாதென்று நான் சொல்லமாட்டேன். தெரிந்துகொண்டு போட வேண்டும்.

ஆக, அடகு மீட்டபின் மிஞ்சும் ரொக்கத்துக்குப் பக்கத்து ஊர்க் கிளை அஞ்சலகமே தக்க இடம். வங்கிகளின் சேமிப்பு வட்டி இறங்கியும் அங்கே சேமிப்புக் கணக்கின் வட்டி 4 சதவீதமாகவே இருக்கிறது. 2021 மார்ச் 31 இரவு ஒன்றிய அரசு அதை 3.5 ஆகக் குறைத்தது. மறுநாள் காலையிலேயே திரும்பப் பெற்றது. மாதம் ஆயிரம் ரூபாயைத் தொடர்வைப்பாக 6.7 சதவீதத்தில் கட்டினால் ஐந்தாண்டில் 60,000 ரூபாய் ஏறக்குறைய 71,366 ஆகும். ஓராண்டு கட்டியபின் அதன்மேல் பாதிவரை கடனும் வாங்கலாம். அதற்கான வட்டி தொடர்வைப்பு வட்டியைவிட 2 சதவீதம்தான் கூடுதல். மூன்று வட்டிக்கு முன் இது எவ்வளவோ மேல்.

ஆனால் அஞ்சலகத்தில் ஒரு பழைய விதி ஏழையின் பணத்தை அரிக்கிறது. மாதத்தின் 10ஆம் தேதி முதல் கடைசி நாள்வரை கணக்கில் இருந்த மிகக் குறைந்த தொகைக்கே வட்டி. மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய் 15ஆம் தேதி வாக்கில் வருகிறது. அதை அஞ்சலகத்தில் போடும் பெண்ணுக்கு அந்த மாதம் வட்டி இல்லை. அடுத்த மாதம் 28ஆம் தேதி பிள்ளையின் படிப்புச் செலவுக்கு எடுத்தால், ஆறு வாரம் வைத்திருந்தும் ஒரு காசு சேராது. வங்கிகள் 2010 ஏப்ரல் 1 முதல் அன்றாட இருப்புக்கு வட்டி கணக்கிடுகின்றன. அஞ்சலகக் கணக்குகளும் கணினிக்கு வந்துவிட்டன. அன்றாட இருப்புக்குக் கணக்கிடத் தொழில்நுட்பத் தடை ஏதும் தெரியவில்லை. ஒன்றிய நிதியமைச்சகம் இந்த விதியைத் திருத்த வேண்டும். சந்தை நாள்களில் மலைக் கிளை அஞ்சலகங்களுக்குப் போதிய ரொக்கத்தை அஞ்சல் துறை முன்கூட்டியே அனுப்ப வேண்டும். கேட்ட அன்றே கிடைக்காத பணத்துக்கு எவ்வளவு வட்டி கொடுத்தாலும், அதை வைத்திருப்பவர் அன்று மாலை கடன்காரரிடம்தான் போவார்.