புத்தளக் கரையும் மின்வலுக் கொள்கையும்

கி.பி. 1344ஆம் ஆண்டிலே, மாலைதீவிலிருந்து மாபார் நாட்டை நோக்கிக் கடல்வழி புறப்பட்ட இபுன் பதூதா என்னும் மொறோக்கோ நாட்டு யாத்திரிகர், தாம் கருதிய கரையை அடையாது இலங்கையின் மேற்குக் கரையிலுள்ள புத்தளத்தை வந்தடைந்தார். ஆங்கு ஆரியச்சக்கரவர்த்தி அவரை வரவேற்று உபசரித்தமை அவருடைய பயண நூலால் அறியப்படும். பாய்க்கப்பல்களின் காலத்தில் ஒருவன் எக்கரையை அடைவான் என்பதைக் காற்றே பெரும்பாலும் தீர்மானித்தது. புத்தளத்து உப்பளங்களிலே கடல்நீர் வற்றி உப்பு விளைவதற்கும் வெயிலோடு காற்றே துணைநின்றது. இவ்வாறு நெடுங்காலமாகக் காற்றுடன் பிணைந்திருந்த இக்கரை, இருபத்தோராம் நூற்றாண்டிலே இலங்கையின் மின்வலு வரலாற்றில் முதன்மையான ஓரிடத்தைப் பெற்றது.

கற்பிட்டிக் குடாநாட்டிலே, நுரைச்சோலையில் 900 மெகாவாற்று வலுவுடைய நிலக்கரி மின்னிலையம் நிற்கின்றது. அதே நிலத்துண்டில், சில மைல் தூரத்திலே, மாம்புரியிற் காற்றாலைகள் சுழல்கின்றன. ஒன்று கடல் கடந்து வரும் எரிபொருளை நம்பியது. மற்றையது விலையின்றி வீசும் காற்றை நம்பியது. இவ்விரண்டும் அயலயலே அமைந்தமை வெறும் தற்செயலன்று. அரசு வெவ்வேறு காலங்களில் மேற்கொண்ட கொள்கைகளின் விளைவுகளே அவை. அக்கொள்கைகள் மின்சாரத்தின் நம்பகத்தையும் விலையையும் எவ்வாறு பாதித்தன என்பதை ஆராய்வது பயனுடைத்து.

இயற்கைச் சத்தியிலிருந்து மின் பெறுவது இலங்கைக்குப் புதிய கருத்தன்று. 1918ஆம் ஆண்டிலே பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா, மலைநாட்டு ஆறுகளிலிருந்து மின்வலுவைப் பெறலாம் என்பதை இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன் ஒரு கட்டுரையாற் புலப்படுத்தினார். அவருடைய கருத்து செயலுருப் பெறுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றது. 1950இலேயே இலக்சபானா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிற்று. 1969இல் இலங்கை மின்சார சபை நிறுவப்பட்டது. மகாவலித் திட்டத்தின் கீழ் 1985இல் விக்டோரியா நிலையம் 210 மெகாவாற்று வலுவுடன் எழுந்தது. கொத்மலை, ரந்தெனிகலை ஆகியனவும் அதனோடு சேர்ந்தன. 1990ஆம் ஆண்டளவில் நாட்டின் மின்சாரத்திற் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீரிலிருந்தே பெறப்பட்டது. மின்னின் விலையும் மலிவாயிருந்தது. ஆயின், அம்மலிவின் உள்ளே ஓர் ஆபத்து மறைந்திருந்ததை ஆட்சியாளர் உரிய காலத்தில் உணர்ந்தாரல்லர்.

அவ்வாபத்து 1996இல் வெளிப்பட்டது. மழை பொய்த்தது, நீர்த்தேக்கங்கள் வற்றின, நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வரையில் மின் வெட்டப்பட்டது. ஆலைகள் முடங்கின, மாணவர் விளக்கின்றி இடர்ப்பட்டனர். அவசரத்தில் அரசு தனியாரின் எண்ணெய் மின்னிலையங்களை நாடியது. இவற்றை விரைவிற் கட்டலாம். ஆனால் இவற்றின் மின்னோ விலைமிக்கது. உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறுந்தோறும் சபையின் நட்டமும் ஏறியது. வறட்சியால் வந்த துன்பம் ஓராண்டுடன் நீங்கிற்று. அதற்குத் தேடிய பரிகாரத்தின் செலவோ பல்லாண்டு தொடர்ந்தது.

எண்ணெயிலும் மலிவான எரிபொருள் நிலக்கரி என்பது அதற்கு முன்னரே அறியப்பட்டிருந்தது. 1980களில் திருகோணமலையில் ஒரு நிலக்கரி நிலையம் அமைக்கும் எண்ணம் எழுந்து, எதிர்ப்பினாற் கைவிடப்பட்டது. பின்னர் நுரைச்சோலை தெரிந்தெடுக்கப்பட்டபோது, தம் தொழில் கெடுமென மீனவரும், அயலிலுள்ள தலவில புனித அன்னாள் திருத்தலத்தின் அமைதி குலையுமெனக் கத்தோலிக்க மக்களும் எதிர்த்தனர். அவர்களுடைய அச்சத்தை வீண் அச்சமெனத் தள்ளுதல் நேர்மையன்று; கரையில் வாழ்வோர் இழப்பதும் மின்னின் விலையில் ஒரு பகுதியே. எனினும், கட்டுவதா விடுவதா என்ற முடிவை மாறிமாறி ஒத்திவைத்த அரசுகள், அவ்விடைக்காலம் முழுவதும் நாட்டை எண்ணெய்க்கே அடிமையாக்கின என்பதும் உண்மை. ஈற்றில் 2006இற் சீன நாட்டுக் கடனுதவியுடன் வேலை தொடங்கிற்று. முதலாம் கட்டத்தின் செலவு 455 மில்லியன் அமெரிக்க டொலர். 2011 மார்ச்சில் முதலாவது 300 மெகாவாற்றுப் பொறி நாட்டுக்கு மின் வழங்கியது. 2014இல் ஏனைய இரண்டும் இணைந்தன.

நுரைச்சோலை எண்ணெய்ச் செலவைக் குறைத்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் நம்பகத்திற்கும் எல்லைகள் உள. முதலாவது, இச்சிறு தீவின் மின்தொகுதியில் 300 மெகாவாற்றுப் பொறி ஒன்று மிகப் பெரியது. தேவை குறைந்த வேளையில் அது திடீரென நின்றால் தொகுதி முழுவதும் ஆட்டங்காணும். இரண்டாவது எல்லையை வகுப்பது காற்றே. நிலக்கரியைக் கொணரும் பெருங்கப்பல்கள் கரையை அணுக இயலாமையால், கடலில் நின்றபடியே தெப்பக்கலங்களுக்கு அதனை இறக்குகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று வீசுங்காலத்திற் கடல் கொந்தளிப்பதால் இவ்வேலை நடவாது. ஆதலால் அம்மாதங்களுக்கு வேண்டிய நிலக்கரி முழுவதையும் முன்னரே இறக்கிக் குவித்தல் வேண்டும். அதற்குரிய அந்நியச் செலாவணி உரிய பருவத்திற் கையில் இருத்தல் வேண்டும். 2022இற் செலாவணி வற்றியபோது எரிபொருட் பஞ்சம் ஏற்பட்டு, மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தமை யாவரும் அறிந்ததே. 1996இல் வானம் பொய்த்தது. 2022இற் கருவூலம் பொய்த்தது. மக்கள் இருந்தது அதே இருளிலேயே.

நிலக்கரிக் கப்பலைத் தடுக்கும் அக்காற்றே காற்றாலையைச் சுழற்றுவது என்பது இக்கரையின் வியத்தகு இயல்பாகும். இலங்கையில் அரசு சார்பான முதற் காற்றாலைகள் 1999இல் அம்பாந்தோட்டையில் 3 மெகாவாற்று வலுவுடன் பரிசோதனையாக நிறுவப்பட்டன. வணிக முறையிலான முதல் நிலையங்களோ 2010 முதல் புத்தளக் கரையில் எழுந்தன. மாம்புரி, சேகுவந்தீவு, விடத்தல்முனை முதலிய இடங்களில் நிறுவப்பட்ட நிலையங்கள் ஏறக்குறைய 10 மெகாவாற்று அளவினவாய் அமைந்தமை கருதத்தக்கது. சிறு மின்னுற்பத்தியாளரிடமிருந்து நியம ஒப்பந்தப்படி மின் வாங்கும் முறைக்கு 10 மெகாவாற்று என்னும் எல்லை விதிக்கப்பட்டிருந்தமையே இதற்குக் காரணம். காற்றின் வலிமையோ நிலத்தின் பரப்போ அன்றி, ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட ஓர் எண்ணே இக்கரையின் தோற்றத்தை வகுத்தது.

2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கை நிலைபெறுதகு வலுச் சத்தி அதிகாரசபை தோன்றியது. அக்காலத்திலேயே மரபுசாரா மீள்சத்தியின் பங்கை 2015இற் பத்து வீதமாக்க வேண்டுமென அரசு இலக்கு வகுத்தது. ஒவ்வொரு தொழினுட்பத்தின் செலவையும் தனித்தனியே கணித்து விலை குறிக்கும் முறை வந்தது. கடனை அடைக்கும் தொடக்க ஆண்டுகளில் உயர்ந்த விலையும் பின்னர்க் குறைந்த விலையும் தரப்பட்டமையால் முதலீட்டாளர் துணிந்து முன்வந்தனர். அவ்விலை நீர்மின்னின் விலையிலும் உயர்ந்ததே. ஆயின் எண்ணெய்ச் சந்தையின் ஏற்றத்தாழ்வுக்கு ஆட்படாதது. பின்னர் 2013இன் மின்சாரத் திருத்தச் சட்டம் போட்டி விலைமனு முறையை வற்புறுத்தியது. கொள்கை மாறிய காலத்திற் புதிய நிலையங்களின் வரவு தளர்ந்தது. மன்னாரில் 103.5 மெகாவாற்று வலுவுள்ள தம்பபவனி 2020 டிசம்பரிலேயே இயங்கத் தொடங்கிற்று.

விலையைத் தீர்மானிப்பது காற்று மட்டுமன்று, வாங்கும் முறையுமே என்பதற்குப் பின்வந்த நிகழ்ச்சிகள் சான்றாவன. மன்னாரிலும் பூநகரியிலும் அதானி நிறுவனம் அமைக்கவிருந்த 484 மெகாவாற்றுத் திட்டத்திற்கு, 2024இல் அலகொன்றுக்கு 8.26 அமெரிக்கச் சதம் ஏற்கப்பட்டது. போட்டி விலைமனுவின்றி இது நடந்தமை கண்டனத்துக்குள்ளாயிற்று; 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் விலகிக்கொண்டது. அதே ஆண்டு மே மாதத்தில், மன்னாரில் 50 மெகாவாற்று நிலையமொன்றுக்குப் போட்டி மூலம் 4.65 சதத்திற்கு உடன்படிக்கையாயிற்று. திட்டங்களின் அளவும் நிபந்தனைகளும் வேறுபட்டனவேயாயினும், இவ்வேறுபாடு சிந்திக்கற்பாலது.

இனி, காற்றின் நாட்காட்டியை நோக்குவோம். புத்தளக் கரையில் மே முதல் செப்டெம்பர் வரை காற்று வலிதாக வீசும். மார்கழி, தை மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்று அதனினும் மெலிதாக வீசும். இரண்டிற்கும் இடைப்பட்ட மாதங்களில் ஓயும். தென்மேற்குப் பருவமே காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களுக்கு மழை தருவது. எனவே காற்றும் மலைநாட்டு நீரும் பெரும்பாலும் ஒருங்கே வருகின்றன. மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஒருங்கே குறைகின்றன. வெப்பமும் மின்தேவையும் மிகுவதும் அம்மாதங்களிலேயே. ஆகவே காற்றாலைகளைப் பெருக்கினால் மட்டும் 1996இன் இடர் தானே நீங்கிவிடும் எனக் கொள்ளலாகாது. காற்று மிக்க மாதங்களில் நீரைத் தேக்கிவைத்து, ஓய்ந்த மாதங்களில் அதனைச் செலவிடும் ஒழுங்கு வேண்டும்.

அயலிலுள்ள தமிழ்நாடு இதனை முன்னரே கற்றது. 1986இற் தூத்துக்குடிக்கு அண்மையிலுள்ள முள்ளக்காட்டிற் செய்முறைக் காற்றாலைகளை நிறுவிய அம்மாநிலம், ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றைப் பயன்படுத்திப் பெருவளர்ச்சி கண்டது. ஆயினும் 2012ஐ அடுத்த ஆண்டுகளில் அங்கு கடும் மின்வெட்டு நிலவியபோதே, காற்றுக் காலத்தில் மின்னைக் கொண்டுசெல்லப் போதிய கம்பிப் பாதைகளின்மையாற் காற்றாலைகள் சில வேளைகளில் நிறுத்தப்பட்டன. மறுபுறம், 1980களின் இறுதியிற் கடம்பாறையில் அமைந்த 400 மெகாவாற்று நீரேற்று நிலையம், மிகுந்த மின்னால் நீரை மேலேற்றி, வேண்டும்போது மீட்கும் வழியைக் காட்டிற்று. தென்மார்க்கு நாடு தன் காற்று ஓயும்போது நோர்வேயின் நீர்மின்னைக் கடலடிக் கம்பி வழியே பெறுகின்றது. இலங்கையின் தொகுதியோ தனித் தீவாய் நிற்பது. கைகொடுக்க அயலார் இல்லை. அரநாயக்கப் பகுதியில் மகா ஓயாவை அடுத்து 600 மெகாவாற்று நீரேற்று நிலையமொன்று திட்டத்தில் இடம்பெற்றமையின் பொருத்தம் இதனாற் புலனாகும்.

தனித் தொகுதியின் மென்மை 2025 பெப்ரவரி 9ஆந் தேதி ஞாயிறன்று தெளிவாயிற்று. முற்பகல் 11 மணியளவிற் பாணந்துறை உப மின்னிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து பழுது விளைவிக்க, நாடு முழுவதும் மின்னிழந்தது. உலகம் குரங்கைக் கண்டு நகைத்தது. உண்மைக் காரணம் வேறு. பாரமான பொறிகள் சுழலும்போது அவற்றின் சடத்துவம் தொகுதியின் மீடிறனைச் செக்கனுக்கு ஐம்பது என்னும் அளவிற் காக்கும். அதிர்ச்சி நேர்ந்தால், மாட்டுவண்டி மேட்டில் ஏறுகையிற் கொண்ட வேகம் உதவுவதுபோல், அச்சுழற்சி சில கணங்கள் தாங்கும். அன்று விடுமுறை நாளாகையாற் தேவை குறைவு. வெயில் நன்கு எறித்தமையாற் கூரைச் சூரியத் தகடுகளின் பங்கு மிகுதி. சுழலும் பொறிகள் சிலவே. ஆகவே சிறு பழுதையும் தொகுதி தாங்கவில்லை. நுரைச்சோலைப் பொறிகள் மூன்றும் நின்றன. அவற்றை மீள இயக்க நாட்கள் சென்றமையால் மறுநாட்களிலும் மின் வெட்டப்பட்டது. அவ்வாண்டுச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை உரிமையாளரை வேண்டியது. 2016இன் சூரியபல சங்கிராமத்தின் கீழ், முதல் ஏழாண்டுகளுக்கு அலகொன்றுக்கு 22 ரூபா தருவதாகக் கூறி ஊக்குவித்த அரசு, அம்மின்னைச் சேமிக்கும் மின்கலங்களுக்கு அதே வேகத்தில் வழிசெய்யாமையே இந்நிலைக்கு ஏது.

இப்பிழைகளின் விலையை இறுதியிற் செலுத்துவோர் யாவர்? மாதம் 30 அலகுக்குட் பாவிக்கும் ஏழைக் குடும்பம் அலகொன்றுக்கு 2.50 ரூபா செலுத்தி வந்தது. அது 2022 ஓகத்தில் 8 ரூபாவாகவும், 2023 பெப்ரவரியில் 30 ரூபாவாகவும் உயர்ந்தது. பின்னர்க் கட்டணம் பலமுறை குறைக்கப்பட்டதேனும், அவ்விடைக்காலத்தின் சுமையை மெலியோரே தாங்கினர். கற்பிட்டி மணலிற் கிணற்றுநீரை இறைத்து வெங்காயமும் மிளகாயும் விளைவிக்கும் உழவனின் கணக்கிலும் மின்னும் எண்ணெயும் ஏறின.

நீர், எண்ணெய், நிலக்கரி, காற்று, வெயில் என ஒவ்வொரு காலத்திலும் ஒன்றையே நம்பி, அதன் அலகு விலையை மட்டுமே கணக்கிட்டதே இவ்வரலாற்றில் மீண்டும் மீண்டும் காணப்படும் குறை. கம்பிப் பாதை, சேமிப்பு, காப்புவலு ஆகிய மூன்றின் செலவும் ஏட்டில் எழுதப்படாதபோது, மக்கள் அதனை மின்வெட்டாகவோ கட்டண உயர்வாகவோ செலுத்துகின்றனர். 2030இல் எழுபது வீத மின்னை மீள்சத்தியாற் பெறுவது என்னும் இலக்கு நாட்டின் செலாவணியைக் காக்கவல்ல நல்ல இலக்கே. அதனைக் காற்றாலைகளின் எண்ணிக்கையால் அளத்தல் போதாது; பங்குனி மாதத்து மாலையிற் காற்றும் வெயிலும் ஓய்ந்த வேளையில், ஏழையின் வீட்டு விளக்கு அவன் தாங்கத்தக்க விலையில் எரிகின்றதா என்பதனாலேயே அது அளக்கப்படல் வேண்டும்.